கீதா என்பவரின் ஒப்புதல்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டம், காவாந்தண்டலம். 'அம்முலு சொன்னது' என்ற மின்னூலில் 'கீது' என்ற சொல் இருந்த இடங்களில் எல்லாம் அன்று காலை 'கீதா' என்று இருந்தது.

நூலை எழுதியவர் வேதகிரி. ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தொட்டிக்கு மோட்டார் போடுபவர். காலையில் மோட்டாரைப் போட்டு, தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தி, தெருத்தெருவாகப் போய் வால்வு திறந்துவிடுவது அவர் வேலை. தொட்டி நிரம்பும்வரை அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான், போனில், ஒரே விரலால் அந்த நூல் எழுதப்பட்டது.

அம்முலு அவர் மனைவி. முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் காமாலை முற்றி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நூறு நாள் வேலையில் ஏரிக்குள் மண் எடுக்கும்போது, அவருக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கப் பெண்கள் போட்டி போடுவார்கள். அவர் பேசிக்கொண்டே இருப்பார். ஏரியில் தண்ணீர் எதுவரை நிற்கிறது, எந்த மதகில் பாம்பு, யார் வீட்டில் என்ன குழம்பு, மேற்பார்வையாளர் எந்த வழியாக வருகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு 'கீது' இருக்கும். அந்தப் பக்கத்தில் 'இருக்கிறது' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அம்முலு கீது என்றால் அது இருந்தது. யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

அவர் இறந்து சில மாதங்கள் கழித்து வேதகிரி ஒன்றைக் கவனித்தார். போனில் அம்முலுவின் படங்கள் நிறைய இருந்தன. குரல் ஒன்றில்கூட இல்லை.

"மூஞ்சி போட்டோல கீது. பேச்சு எங்க கீது?" என்று அவர் பிரிஸ்கில்லாவிடம் கேட்டார். "நாளுக்கு நாள் மறந்துக்கினே வருது."

பிரிஸ்கில்லா அம்முலுவின் தங்கை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மூத்தவளுக்குப் பெயர் வைத்தபோது குடும்பம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது, இளையவளுக்குப் பெயர் வைத்தபோது சர்ச்சுக்கு. மற்றபடி இருவருக்கும் வாய் ஒன்றுதான் என்பது வேதகிரியின் கருத்து.

"மறந்துட்டா நிம்மதின்னு இருக்காம, எய்து மாமா," என்றார் பிரிஸ்கில்லா. "எய்தி வெச்சா எங்க போயிடப் போறா?"

எழுதினார். எழுதியதைப் புத்தகமாகப் போட முடியுமா என்று சென்னையில் ஒரு பதிப்பாளரிடம் போனில் விசாரித்தார். பதிப்பாளர் முதலில் வேதகிரி எந்தக் கல்லூரியில் வேலை பார்க்கிறார் என்று கேட்டார். தொட்டியில் என்று தெரிந்ததும், அச்சான பிரதிகளில் முக்கால் பங்கை எழுதியவரே வாங்கிக்கொள்வது இலக்கிய மரபு என்று விளக்கினார். அதனால்தான் வேதகிரி ஓலைக்குடத்துக்கு வந்தார்.

ஓலைக்குடம் என்பது மின்னூல் தளம். உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்த்துப் பெயர் வைக்கப்பட்டது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த சேதி அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. நிறுவனம் இருப்பது சென்னையில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றில். 'உங்கள் ஓலை, உங்கள் குடம்' என்பது அதன் வாசகம். பணம் கேட்கவில்லை. சிபாரிசு கேட்கவில்லை. என்ன படிப்பு என்று கேட்கவில்லை. "நான் இன்னா ஆளுன்னு அது ஒரு வார்த்த கேக்கல," என்று வேதகிரி பல பேரிடம் சொன்னார். அவர் வாழ்க்கையில் அதைக் கேட்காத முதல் அலுவலகம் அது. நிபந்தனைகள் நீளமாக ஓடின. கடைசியில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தான் மட்டும் வெளிச்சமாக இருந்தது, அதை அழுத்தினார். போனில் எழுதியிருந்ததை வெட்டித் தளத்தில் ஒட்டி, அங்கேயே சேமித்து, தொட்டி நிரம்புவதற்குள் வெளியிட்டும் விட்டார்.

மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஒருவர் எழுதினார்: 'எங்கள் வீட்டிலும் இப்படித்தான் பேசுவோம். வெளியில் பேச வெட்கப்படுவோம். உங்கள் மனைவிக்கு வணக்கம்.' வேதகிரி அதைப் பல தடவை படித்தார். அம்முலு பக்கத்திலிருக்கும் சாலவாக்கத்தைத் தாண்டிப் போனதே குறைவு. இப்போது கடல் தாண்டி யாரோ வணக்கம் சொல்கிறார்கள்.

ஜூலை எட்டாம் தேதி வந்த கருத்து வேறு மாதிரி இருந்தது. 'கதை நன்று. ஆனால் யார் இந்தக் கீதா?'

வேதகிரி நூலைத் திறந்தார்.

'ஏரியில தண்ணி கீதா. மதகுகிட்ட பாம்பு கீதா. பானையில பழைய சோறு கீதா. நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற?'

வெளியூர் வாசகருக்கு இதில் கீதா என்ற பெண் ஏரியிலும் மதகிலும் சோற்றுப் பானையிலும் நின்றாள். காவாந்தண்டலத்து ஆளுக்கு அப்படித் தெரியாது. அங்கே 'கீதா' என்றால் 'இருக்கிறதா' என்று கேள்வி. ஆகவே வேதகிரி கண்டது வேறு. எதையும் யாரிடமும் கேட்காமல், தெரிந்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அம்முலு, இப்போது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் இருக்கிறதா. பாம்பு இருக்கிறதா. சோறு இருக்கிறதா. இருட்டில் கையால் தடவிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பவரைப் போல, பக்கத்துக்குப் பக்கம்.

அவர் வேகமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் அவர் கட்டிலருகே போய் நிற்கும்போது, அம்முலு கண்ணைத் திறக்காமலே ஒன்றைச் சொல்வார். இறந்த அன்று காலையிலும் சொன்னார். 'உயிரு கீது. போய் நாஷ்டா துன்ட்டு வா.' நூல் அந்த வரியோடு முடிந்திருந்தது.

இப்போது அது 'உயிரு கீதா. போய் நாஷ்டா துன்ட்டு வா' என்று முடிந்தது.

மேலே தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து மோட்டாரை நிறுத்தினார்.

ஓலைக்குடத்தில் புகார் செய்ய ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், 'எழுத்தாளர் மகிழ்ச்சிப் பிரிவு'க்குப் போகும். அங்கிருந்து ஸ்ரீலேகா என்ற அலுவலர் பேசினார்.

"வணக்கம் எழுத்தாளரே. உங்க படைப்பு எங்களுக்கு உயிர் மாதிரி. என்ன பிரச்சனை?"

"கீது எல்லாம் கீதா ஆயிட்ச்சும்மா."

"கீதா யாரு சார்?"

"யாரும் இல்லம்மா. அது கீது."

"ஒரு நிமிஷம் சார். அவங்க பேரு கீதுவா, கீதாவா?"

"பேரே இல்லம்மா. தண்ணி கீது, சோறு கீதுன்னு சொல்ல மாட்டாங்க?"

ஸ்ரீலேகா எதையோ தட்டிப் பார்த்தார். "புரியுது சார். கீதுன்னு ஒரு சொல் எங்க அகராதியில இல்ல. இல்லாத சொல் வந்தா சிஸ்டம் பக்கத்துல இருக்கிற சொல்லை வைக்கும். கீதம், கீதை, கீதா, மூணும் வேட்பாளரா நின்னுச்சு. நாட்டுல அதிகம் பேர் பயன்படுத்துறது கீதா. ஜனநாயக முறையில தேர்ந்தெடுத்தது சார்."

"எங்க ஊர்ல எல்லாரும் கீதுன்னுதாம்மா பேசுவாங்க."

"உங்க ஊர்ல எத்தனை பேர் டைப் பண்ணுவாங்க சார்?"

வேதகிரிக்குப் பதில் தெரிந்திருந்தது. அவர் ஒருவர்தான். "வாங்கினவங்க போன்லகூட மாறிக் கீதே. அது எப்டிம்மா?"

"அதுதான் சார் மின்னூலோட பலமே. அச்சுப் புத்தகத்துல ஒரு பிரதியில வர்ற தப்பு அந்தப் பிரதியோட நின்னுடும். எங்ககிட்ட வந்தா உலகம் பூரா எல்லார் கைக்கும் ஒரே நொடியில போய்ச் சேரும்."

"என் சம்சாரம் பேசினதும்மா அது. அவ பேசின மாதிரியே வேணும்."

"அவங்களையே ஒரு தடவை சரியான உச்சரிப்புல பேசச் சொல்லி..."

"அவ செத்துட்டா."

"ரொம்ப வருத்தம் சார்," என்றார் ஸ்ரீலேகா. உண்மையாகவே வருத்தப்பட்ட குரல்தான். "அப்ப இனிமே அவங்க பக்கத்துலேருந்து புதுத் தப்பு வராதுன்னு குறிச்சுக்கறேன்."

போனை வைத்ததும் செய்தி வந்தது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. உங்கள் மகிழ்ச்சியை ஐந்து நட்சத்திரங்களுக்கு மதிப்பிடுக.'

அதன் பிறகு ஜெராக்ஸ் கடையில் பிரிஸ்கில்லாவும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கீதாவையும் கீதுவாக்கினார்கள். சேமித்தார்கள். டீ குடித்துவிட்டுத் திறந்து பார்த்தால் எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள். பிரிஸ்கில்லா நடுவில் இடம் விட்டு 'கீ து' என்று அடித்துப் பார்த்தார். அது 'கீதா து' ஆயிற்று.

"பேஜாரா கீதே," என்றார் பிரிஸ்கில்லா. "பேசாம இருக்குதுன்னு போட்டுடேன் மாமா. அதுக்கு அந்த வார்த்த தெரியும்."

"உங்க அக்கா எப்ப அப்டிச் சொன்னா? டீவியில நூஸ் படிக்கிறவ மாதிரி இருக்கும்."

"அதுவும் சரிதான். ஆவியா வந்து நம்பள ஒதச்சிடுவா."

ஆவி என்ற சொல்லை ஓலைக்குடமும் அதே வாரம் கண்டுபிடித்தது. நூலில் ஒரு பெண் பானைக்குள்ளும், முள்ளாகக் காலுக்குள்ளும், மாத்திரை டப்பாவுக்குள்ளும் மாறி மாறித் தோன்றுவதைச் சிஸ்டம் ஆராய்ந்து, அதை 'வாழ்க்கை வரலாறு' பிரிவிலிருந்து எடுத்து 'திகில், அமானுஷ்யம்' பிரிவில் வைத்தது. அட்டையில் இருந்த அம்முலுவின் படம் வாசகர் ஈர்ப்புக் குறைவு என்று நீக்கப்பட்டது. தலைமுடியை முகத்தில் விரித்துப் போட்ட, யாரும் அறியாத ஒரு பெண் அங்கே வந்தார். தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் 'கீதா உங்களைப் பார்க்கிறாள்' என்றும் சேர்ந்தது.

நூல் ஓட ஆரம்பித்தது. 'சோத்துல உப்பு கீதா என்ற வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை' என்று ஒருவர் எழுதினார். 'கடைசி வரியில் அம்முலு செத்துப்போன கீதாவிடமே பேசுகிறாள், முதுகு சில்லிட்டது' என்றார் இன்னொருவர். கிள்ளான்காரர் மட்டும் இப்படிக் கேட்டிருந்தார்: 'ஐயா, உங்கள் மனைவி எங்கே போனார்?'

ஊரில் வேறு ஒன்று நடந்தது. வேதகிரியின் வேலையில், நாள் முழுக்க எல்லாத் தெருவிலிருந்தும் போன் வரும். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்.

"அண்ணா, தண்ணி கீதா?"

இத்தனை ஆண்டுகளாக அதற்கு அவர் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தச் சொல் வந்ததும் ஒரு நொடி நின்றுவிடுவார். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்பது போலவும், அம்முலுவே லைனில் இருப்பது போலவும் சேர்ந்து தோன்றும். "இன்னாண்ணா, கேக்குதா? தண்ணி கீதா?" என்று அவர்கள் மறுபடியும் கேட்பார்கள். மேலத் தெருப் பெண்கள் அதைக் கண்டுகொண்டார்கள். குடத்தோடு குழாயடியில் நின்று, "கீதா வந்தாளாண்ணா? நேத்து எங்க வூட்டுக் கொயாயில வர்ல" என்று கேலி பேசினார்கள்.

ஆகஸ்டில் ஓலைக்குடத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. உண்மை மனிதர் பாதுகாப்புக் கொள்கையின்படி, நூலில் அதிக இடங்களில் வரும் நபரின் ஒப்புதல் தேவை. 'கீதா என்பவரின் ஒப்புதல் நிலுவையில் உள்ளது. அது கிடைக்கும்வரை உங்கள் எழுத்துத் திருத்தப் புகார் எடுத்துக்கொள்ளப்படாது.'

வேதகிரி ஸ்ரீலேகாவைக் கூப்பிட்டார். "இல்லாத ஆளுக்கு எங்கம்மா ஒப்புதல் வாங்குறது?"

"இல்லாத ஆள்னு நாம சொல்ல முடியாது சார். உங்க புத்தகத்துல உங்களைவிட அதிகமா அவங்கதான் இருக்காங்க. ஒரு போன் நம்பர் மட்டும் குடுங்க, மத்ததை சிஸ்டம் பாத்துக்கும்."

பிரிஸ்கில்லாதான் அந்த நம்பரைப் போட்டார். ஒரே நம்பர் இரண்டு பேருக்கு ஆகாது என்பதால் வேதகிரியுடையதைக் கொடுக்க முடியவில்லை. பிரிஸ்கில்லாவுடைய நம்பரில் கடைக்கு வந்த ஒருவருக்கு ஏற்கெனவே கணக்குத் திறந்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அம்முலுவின் நம்பர். அவருடைய பட்டன் போன் வீட்டில் அலமாரியில், பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்று வேதகிரி அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். சார்ஜும் போட்டு வைப்பார். அம்முலு போனதிலிருந்து அது ஒலித்ததில்லை.

அன்று பகலில் அது ஒலித்தது. வேதகிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எழுந்து போய்ப் பார்த்தார். சின்னத் திரையில் வெளிச்சம் இருந்தது. 'வணக்கம் கீதா. உங்கள் ரகசிய எண்...'

எண்ணைக் கொடுத்ததும், 'கீதா உறுதிசெய்யப்பட்டார்' என்று வந்தது. அதோடு அவர் நூலின் இணை உரிமையாளரும் ஆனார். எழுத்துத் திருத்தப் புகார் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, கீதா எந்த ஆட்சேபமும் தெரிவிக்காததால், முடித்துவைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு அம்முலுவின் போன் தினமும் பேசியது. 'கீதா, உங்களைப் பற்றி ஒரு நூல் வந்திருப்பது தெரியுமா?' 'கீதா, உங்களைப் பல நாட்களாகக் காணவில்லை.' 'கீதா, திரும்பி வாருங்கள்.' வேதகிரி வேலைக்குப் போகும்போது அதை அணைத்துவைக்கலாம். அணைக்கவில்லை. அது ஒலிக்கும்போது வீட்டில் யாராவது இருக்க வேண்டும் என்று நினைத்து, சீக்கிரம் திரும்பிவர ஆரம்பித்தார்.

அக்டோபரில் ஓலைக்குடம் தன் எழுத்தாளர் மகாசபையை உத்திரமேரூரில், ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டியது. கல்வெட்டு இருக்கும் ஊரில் நடத்துவது பொருத்தம் என்று முடிவாகியிருந்தது. கல்வெட்டைப் பார்க்க நேரம் ஒதுக்கப்படவில்லை. வேதகிரிக்கு அழைப்பு வந்தது. அம்முலுவின் போனுக்குத் தனி அழைப்பு.

மண்டபம் நிறைந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் எழுத்தாளர்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். வேதாசலம் என்று பெயர், சாலவாக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்.

"நீங்க எனக்கு அஞ்சு நட்சத்திரம் போடுங்க, நான் உங்களுக்குப் போடறேன். இங்க எல்லாரும் அப்படித்தான். படிக்கணும்னு இல்ல."

"நீங்க இன்னா எய்தினு கீறீங்க சார்?"

"நெல்லில் புகையான். தண்டுல உக்காந்து சாறு உறிஞ்சுமே, அந்தப் பூச்சி. முப்பது வருஷ அனுபவம். சிஸ்டம் அதைப் புகைப்பழக்கத்தை விடுவது எப்படிங்கற பிரிவுல வெச்சிடுச்சு." வேதாசலம் குரலைத் தாழ்த்தினார். "முதல்ல சண்டை போட்டேன். இப்ப போடறதில்ல. பல பேர் விட்டுட்டதா நன்றி சொல்லி எழுதறாங்க."

தலைமைச் செயல் அலுவலர் விஜயராகவன் பட்டு வேட்டியில் மேடையேறினார்.

"ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்த ஊர்ச் சபையில் உட்கார நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் அதையெல்லாம் ஒழித்துவிட்டோம். இன்று எதுவும் இல்லாமல் உள்ளே வரலாம். வெளியே போவதற்குத்தான் நிபந்தனைகள்." கைதட்டல். "முன்பு எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடுவில் பதிப்பாளர் நின்றார். அவரை அகற்றிவிட்டோம். அந்த இடத்தில் இப்போது நாங்கள் நிற்கிறோம். ஆனால் எங்களை யாராலும் பார்க்க முடியாது. அதுதான் புரட்சி. பதிப்பாளர் உங்களை நிராகரித்தார். நாங்கள் யாரையும் நிராகரிப்பதில்லை. எல்லாரையும் ஏற்றுக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்கிறோம்."

எழுத்தாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு ஆண்டின் சிறந்த பாத்திரத்துக்கான தேர்தல், பாரம்பரிய முறையில் நடந்தது. பித்தளைக் குடத்துக்குள் கையை விட்டு விஜயராகவன் ஒரு சீட்டை எடுத்தார். "கீதா" என்று படித்தார். குடத்திலிருந்து தவறி, வேதகிரியின் காலடிக்குப் பறந்து வந்த ஒரு சீட்டை வேதாசலம் குனிந்து எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அதிலும் கீதா என்றுதான் இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் 'கீதா' என்று அட்டை வைத்திருந்தார்கள். விஜயராகவன் அதற்குப் பொன்னாடை போர்த்தினார். யாரோ பேன் காற்றை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பொன்னாடையின் ஓரம் அசைந்தது. முன்வரிசையில் ஒருவர் கும்பிட்டார். வேதகிரி இரண்டு வார்த்தை பேச அழைக்கப்பட்டார்.

அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்தார். "எனுக்கு கீதா வேணாங்க," என்றார். "கீது வேணும். அத்த மட்டும் குடுத்துடுங்க."

விஜயராகவன் நெகிழ்ந்துபோய் மைக்கை வாங்கினார். "பார்த்தீர்களா, கீது என்கிறார். செல்லமாக."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

நூலையே எடுத்துவிடுவது என்று வேதகிரி முடிவு செய்தது அன்று திரும்பி வரும் பஸ்ஸில். இதற்கும் ஸ்ரீலேகா உதவ முன்வந்தார்.

"எடுக்கலாம் சார். ரெண்டு உரிமையாளரும் சம்மதிக்கணும். நீங்க சம்மதிச்சாச்சு, கீதா மேடம் கேமரா முன்னாடி வந்து ஒரு தடவை கண் சிமிட்டினா போதும்."

"அவங்க வர முடியாதும்மா."

"ஊர்ல இல்லையா?"

"எந்த ஊர்லயும் இல்ல."

"இறந்துட்டாங்கன்னா வேற வழி இருக்கு சார். இறப்புச் சான்றிதழ் அனுப்புங்க. வாரிசு நீங்கன்னா உடனே எடுத்துடலாம்."

வேதகிரியிடம் ஓர் இறப்புச் சான்றிதழ் இருந்தது. அனுப்பினார். மறுநாள் ஸ்ரீலேகா பேசினார்.

"சார், இதுல பேரு அம்முலுன்னு இருக்கு. அம்முலுவும் கீதாவும் ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட ஒரு உறுதிமொழிப் பத்திரம் மட்டும் வாங்கி அனுப்பிடுங்க. எல்லாம் முடிஞ்சுடும். பேர் மாறிப்போறது சகஜம்தான் சார்."

பத்திரத்தைப் பிரிஸ்கில்லா தன் கடையில் தட்டச்சு செய்தார். 'கீதா என்கிற அம்முலு என்பவர் என் மனைவி ஆவார். மேற்படி இரு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும் என உறுதி கூறுகிறேன்.' பிரிண்டரிலிருந்து அது சூடாக வந்தது. வேதகிரி பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை.

"இன்னா மாமா?"

"புக்கு போச்சுன்னா கடேசி வரியும் போயிடும் இல்ல?"

"இப்ப மட்டும் அது ஒயுங்காவா கீது?"

வேதகிரி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "ஒண்ணு கேக்கணும் உன்ன. அன்னிக்கிக் காலையில நீயும் ஆஸ்பத்திரில இருந்த. உங்க அக்கா உயிரு கீதுன்னு சொன்னாளா? இல்ல, கீதான்னு என்னக் கேட்டாளா?"

பிரிஸ்கில்லா மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினார்.

"தெனமும் சொன்னா, அது எனுக்குத் தெரியும்," என்றார் வேதகிரி. "கடேசி நாளுதான் தெரியல. நான் கீதுன்னு எய்தினேன். இத்த திருப்பித் திருப்பிப் படிச்சி, இப்ப கீதான்னுதான் காதுல கேக்குது. கேட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்லாம நாஷ்டா துன்னப் பூட்டேன்."

"நான் பிளாஸ்க் கய்விக்கினு இருந்தேன் மாமா," என்றார் பிரிஸ்கில்லா. "கொயாய் தொறந்திருந்துச்சு. கொரலுதான் கேட்டுச்சு."

கடைக்கு ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பிரிஸ்கில்லா எடுத்துக் கொடுத்தார். அவர் போனதும் வேதகிரி பத்திரத்தை நான்காக மடித்து பிரிஸ்கில்லாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அவ பேர இன்னொருத்தி பேருன்னு நான் எய்திக் குடுக்க மாட்டேன்," என்றார். "அது அப்டியே கெடக்கட்டும்."

நூல் இப்போதும் ஓலைக்குடத்தில், திகில் பிரிவில் கிடைக்கிறது. உரிமையாளர்கள் கீதா, வேதகிரி என்று அந்த வரிசையில் இருக்கிறது. காவாந்தண்டலத்தில் காலை மோட்டார் சில நிமிடம் தாமதமாகப் போடப்படுகிறது என்று ஊராட்சிக்கு ஒரு மனு வந்தது. விசாரித்ததில், தொட்டி இயக்குபவர் வேலைக்கு வந்ததும் போனில் ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து படிப்பதும், "கீது" என்று சொல்வதும், பிறகு நாஷ்டா சாப்பிட்டுவிட்டு மோட்டாரைப் போடுவதும் தெரியவந்தது. மனுவின் மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை.